டீ போட எழுந்து போனவர்: ஒரு வீட்டுவழிப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

மூளை முடக்குவாதமுள்ள ஒரு பையனைப் பற்றிய இந்தக் குறிப்பை அவன் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது. பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, இரவும் பகலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பையனை வீட்டில் ‘சின்னவன்’ என்கிறார்கள்; அவனுடைய அக்கா ‘பெரியவள்’. நானும் அப்படியே எழுதுகிறேன். தாயைப் பெற்ற பாட்டியைப் பிள்ளைகள் அம்மாயி என்று கூப்பிடுவார்கள். நாலைந்து வாரத்தில் எனக்கும் அவர் அம்மாயி ஆகிவிட்டார்.

பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் சிறப்பாசிரியர் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். சின்னவனிடம் முதல் ஒரு வருடத்தை நான் வீணடித்தேன். பிறகு அவனிடம் வந்த மாற்றத்தைவிட, அந்த ஒரு வருடம் எப்படிக் கைநழுவிப் போனது என்பதை விரிவாக எழுதவே விரும்புகிறேன். என்னைப் போல வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அதுதான் பயன்படும்.

பின்னணி

2018 ஆகஸ்டில், மாதம் நிறைந்து பிறந்த பிள்ளை. கடைசி நேரத்தில் குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டது. பிறந்ததும் அழவில்லை. அன்றிரவே வலிப்பு. 17 நாள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மூளை முடக்குவாதம் என்றதும் விறைத்துப்போன கை கால்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது ஒரு வகை. பிறக்கும் நேரத்தில் பிராணவாயு திடீரென்று முற்றாகத் தடைபட்டால், மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகள் பெரிதாக அடிபடுவதுண்டு. அப்போது வருவது வேறு வகை. தசையின் இறுக்கம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஒன்றைச் செய்ய முயன்றால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். சந்தோஷம் வந்தாலும் முறுக்கிக்கொள்ளும். தூக்கத்தில் மட்டும் நனைந்த துணி போலத் தளர்ந்து கிடக்கும். சின்னவனுக்கு இந்த வகை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு, உடம்பைப் பார்த்து நாம் ஊகிப்பதைவிட அறிவு நன்றாக இருக்கும். பேச வாயும் சுட்டிக்காட்டக் கையும் ஒத்துழைக்காததால் அதை வெளியே காட்ட வழியிருக்காது. இது எனக்குப் படிப்பில் சொல்லித்தரப்பட்ட பாடம். தேர்விலும் எழுதியிருக்கிறேன்.

தந்தை, வீட்டை ஒட்டிய கொட்டகையில் 6 தறிகள் வைத்திருக்கிறார். பாவும் ஊடை நூலும் வாங்கிவந்து கூலிக்கு நெய்து கொடுக்கிறார். தாய்க்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. காலை 7.30 மணிக்குக் கம்பெனி வேன் வரும். திரும்பி வர இரவு 8.30 ஆகும். சின்னவன் பிறந்த பிறகு இரண்டரை வருடம் வேலையை விட்டிருந்தார். தறிக்குக் கூலி இறங்கி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியதும் மறுபடி வேனில் ஏறினார். அம்மாயி காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டுக்காரர். பிரசவத்துக்கு வந்தவர், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். அந்த மாட்டை அங்கேயே விற்றுவிடச் சொல்லி, மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

2022 ஜூனில் கோப்பு என் கைக்கு வந்தபோது அவனுக்கு நான்கு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எடை 9.2 கிலோ. கழுத்து நிற்கவில்லை. மூளை முடக்குவாதப் பிள்ளைகளின் அசைவுத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள், அதில் ஐந்தாவது. ‘தொடர்பாடல்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. அறிவுசார் குறைபாடு கடுமையானது என்றும் இருந்தது. அந்த மதிப்பீடு நடந்த நாளில், விடியற்காலை பஸ் ஏறி, கூட்டத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, பசியும் மிரட்சியுமாக அவன் மேசைமேல் கிடத்தப்பட்டான் என்பதைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் வருடம்

வாரம் ஒரு நாள், புதன்கிழமை. பெற்றோருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. அதனால் தாய் ஒவ்வொரு புதனும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருப்பார். நானும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து 11 பயிற்சிகள் எழுதிக் கொடுத்தோம். கையை நீட்டுவது, இடுப்பை விரிப்பது, குப்புறப் படுக்கவைப்பது, சாப்பாடு ஊட்டும்போது உட்காரவைக்கும் முறை என்று எல்லாம் அதில் இருந்தன. தாய் ஒரு நோட்டில் முத்து முத்தாக எழுதிக்கொள்வார். கேட்டால் சரியாகச் சொல்வார். கையெழுத்துப் போடுவார்.

நான் உள்ளே நுழைந்ததும் அம்மாயி சின்னவனை மகள் மடியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். “பேசிக்கொண்டிருங்க அம்மிணி, டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.” படித்தவர்கள் பேசும் இடத்தில் உட்காரக் கூடாது என்ற கூச்சம் அவருக்கு. ஒரு வருடம் முழுக்க அந்த டீயைக் குடித்தேன்.

2023 ஜூனில் வருடாந்தரக் குறிப்பு எழுதினேன். எடை 9.6 கிலோ. நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தது மூன்று முறை. அரசு கொடுத்த சிறப்பு நாற்காலி தறிக் கொட்டகையில் நூல் கோன்களைச் சுமந்துகொண்டிருந்தது. நான் எழுதிய வாக்கியம்: ‘பெற்றோரின் ஒத்துழைப்பு போதுமானதாக இல்லை.’ வாரம் அரை நாள் கூலியை இழந்து, ஒரு வாரம்கூடத் தவறாமல் என் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி அப்படி எழுதினேன். அந்தத் தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமைப் பகல்

ஜூலையில் ஒரு புதன்கிழமை, ஷிப்மெண்ட் அவசரம் என்று தாய்க்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேறொரு வீட்டுக்குப் போன வழியில், சொல்லாமல் அங்கே இறங்கினேன். பகல் 12 மணி இருக்கும்.

திண்ணையில் அம்மாயி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சின்னவன் மடியில் மல்லாக்கக் கிடந்தான். தலை தொடையைத் தாண்டிப் பின்னுக்குச் சரிந்திருந்தது. கிண்ணத்தில் ரசம் சாதம். ஒரு கரண்டி வாயில் விழும், பாதி வெளியே வழியும், கன்னத்தைத் தடவிக்கொடுப்பார், அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். மூன்று வாய்க்கு ஒருமுறை புரை ஏறியது. முகம் சிவந்து கண்ணில் நீர் கோத்தது. அம்மாயி அவனைத் தூக்கித் தோளில் சாய்த்து உச்சந்தலையைத் தட்டினார். “உங்க அம்மா நினைக்கிறாள் சாமி. கம்பெனியில் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.”

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்வதுதான். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. அப்படிப் புரை ஏறும்போதெல்லாம் கொஞ்சம் சாப்பாடு நுரையீரலுக்குப் போகும் அபாயம் இருந்தது. மூன்று முறை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

எழுதிக் கொடுத்த 11 பயிற்சிகளும் தாயின் நோட்டில் இருந்தன. தாய் இரவு 8.30க்கு வரும்போது பிள்ளை தூக்கத்தில் இருப்பான். காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, இடுப்பில் சுமந்து, தூங்கவைத்தவருக்கு நாங்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் டீ போடப் போயிருந்தார்.

அன்று நான் உடனே திருத்தப் பார்க்கவில்லை. திருத்தியிருந்தால் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து, தலையை மட்டும் கொஞ்சம் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கிண்ணத்தில் இன்னும் இருந்தது. திடீரென்று அம்மாயி கரண்டியைக் கீழே வைத்தார்.

“போதுமாம்.”

“எப்படித் தெரியும் அம்மாயி?”

“கேட்டேனே அம்மிணி. கண்ணைத் தூக்கினான்.”

எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கச் சொன்னேன். “போதுமா சாமி?” என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்து, கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி, ஈயை விரட்டிக்கொண்டிருந்தார். அவன் உடம்பு முறுக்கி, கை ஒருபக்கம் போய், வாய் கோணி, பிறகு மெல்லத் தளர்ந்தது. அதன் பிறகு இரண்டு கருவிழிகளும் மேலே போய் நின்றன. கேள்வி கேட்டதிலிருந்து அதுவரை பத்து எண்ணும் நேரம் ஆகியிருக்கும். நான் எந்தக் கேள்விக்கும் மூன்று எண்ணுவதற்கு மேல் காத்திருந்ததில்லை.

“வேண்டாம் என்றால்?”

“கண்ணை மூடிக்கொள்வான். எப்போதும் இப்படித்தானே. இரண்டு வயசிலிருந்து.”

“ஏன் எங்களிடம் சொல்லவில்லை?”

“நீங்க கேட்கவில்லையே கண்ணு” என்றார். குறையாகச் சொல்லவில்லை. உள்ளபடி சொன்னார்.

சரிபார்த்தது

பாசமுள்ளவர்கள் பிள்ளையின் முகத்தில் தாங்கள் விரும்புவதைப் படித்துவிடுவதுண்டு. அது உண்மையா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. அடுத்த வாரம் அம்மாயியைத் தறிக் கொட்டகைப் பக்கம் போயிருக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு சீப்பு, ஒரு சாவி, ஒரு ஆரஞ்சு எடுத்தேன். ஒவ்வொன்றாகக் காட்டி, “இது சீப்பா?” “இது பழமா?” என்று பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மனத்துக்குள் பத்து எண்ணிக் காத்திருந்தேன். எட்டுச் சரி. ஒன்றில் உடம்பு முறுக்கியதில் கண் எங்கோ போய்விட்டது; ஒன்று தவறு. அதற்கடுத்த வாரம் வேறு பொருள்களோடு ஒன்பது சரி. செவித்திறன் பரிசோதனைக்கும் எழுதினோம். கேட்கும் திறனில் குறை இல்லை என்று வந்தது. அதை அம்மாயி முன்பே சொல்லியிருந்தார். இழை அறுந்து ஒரு தறி நின்றால் சின்னவன் முகம் கொட்டகைப் பக்கம் திரும்புமாம். கரண்ட் போய் ஆறும் நின்றால் தூக்கத்திலிருந்து விழித்துவிடுவானாம்.

தாயிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினோம். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் நோட்டைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அப்படியென்றால் டீச்சர், இத்தனை நாளும் நாங்கள் இவன் முன்னால் பேசியதெல்லாம் இவனுக்குக் கேட்டிருக்குமா?”

என்ன பேசியிருப்பார்கள் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்குப் பின் யார் பார்ப்பார்கள், எங்களுக்கு முன்னால் இவன் போய்விட்டால் தேவலை என்று, தாங்க முடியாத இரவுகளில் எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது வரும் பேச்சு. கேட்டிருக்கும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. இனிமேல் பேசுவதும் அவனுக்குக் கேட்கும் என்றும் சொன்னேன். அவர் எழுந்து போய் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அன்று வேறு எதுவும் செய்யவில்லை.

இன்னொரு வருத்தமும் அவருக்கு இருந்தது. அதைச் சொல்ல ஒரு மாதம் ஆனது. “என் அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே.” வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் இந்தப் புண்ணைத் தொடாமல் எந்தத் திட்டமும் நடக்காது. அவருக்குக் கொடுத்திருந்த 11 பயிற்சிகளையும் அடித்துவிட்டு ஒரே வேலை கொடுத்தோம்: அம்மாயி சின்னவனைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் தூங்கவைப்பது, அம்மா வந்ததும் எழுப்பி, அன்று என்ன நடந்தது என்று அவனிடமே கேட்பது, அம்மாயி நடுவே பதில் சொல்லாமல் இருப்பது. இந்த மூன்றாவதுதான் எல்லாரையும்விட அம்மாயிக்குக் கடினமாக இருந்தது.

புதன்கிழமை வருகையை எடுத்துவிட்டேன். தாயின் அரை நாள் கூலி மிஞ்சியது. பகல் 12 மணிக்கு, சாப்பாட்டு நேரத்துக்குப் போகத் தொடங்கினேன். டீயைப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து குடித்தோம்.

சாப்பாடும் இருக்கையும்

தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் மூச்சு வழி திறந்துகொள்ளும். மயங்கி விழுந்தவருக்கு அதற்காகத்தான் அப்படிச் செய்கிறோம். அதே நிலையில் சாப்பாடு கொடுத்தால் அதுவும் திறந்த வழியில் போகும். இதை விளக்க, பயிற்சிகளில் வழக்கமாகச் செய்வதுபோல, “நீங்களே அண்ணாந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பாருங்கள்” என்றேன். அம்மாயி சொம்பைத் தூக்கி, உதட்டில் படாமல், கடகடவென்று முழுச் சொம்பையும் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆயுள் முழுக்க அப்படியே குடித்தவர். வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. அண்ணாந்தபடி, உதட்டை மூடாமல், ஒரு சின்னக் கரண்டி ரசம் சாதத்தை விழுங்கிப் பார்க்கச் சொன்னேன். அவருக்குப் புரை ஏறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னவனைப் பார்த்தார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரசம் சாதத்தைக் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் எளிய உணவு என்று நினைக்கிறோம். விழுங்குவதில் சிரமமுள்ள பிள்ளைக்கு அது மிகவும் கடினமான உணவுகளில் ஒன்று. நாக்கு சோற்றைத் திரட்டுவதற்குள் நீர் தனியாகத் தொண்டைக்கு ஓடிவிடும். எல்லாம் ஒரே பதமாக, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழும் கெட்டியில் இருக்க வேண்டும். அம்மாயியே வழி சொன்னார்: அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவைத்து, நெய் விட்டு மத்தால் கடைந்துவிடலாம். பச்சைப்பயறு கடைசலும் அந்தப் பதத்துக்கு வந்தது. ராகிக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சினார். ஓயாத அசைவு சத்தைத் தின்றுகொண்டே இருப்பதால் நெய்யையும் நிலக்கடலை மாவையும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னோம். ஆழமான எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் தட்டையான சின்னக் கரண்டி. மேலிருந்து ஊற்றாமல் நேர் எதிரே, வாய்க்குக் கொஞ்சம் கீழேயிருந்து. நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து வெளியே எடுப்பது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவைக்காமல் இருப்பது.

உட்காரவைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அரசு கொடுத்த நாற்காலி நல்ல நாற்காலி. அதில் அவனை எப்படிப் பொருத்துவது என்று யாரும் காட்டவில்லை. உட்காரவைத்தவுடன் முதுகு வில்லாக வளைந்து, கீழே சறுக்கி வருவான். முழங்கால் வலியோடு அவனைத் திரும்பத் திரும்ப மேலே தூக்க அம்மாயியால் முடியவில்லை. தறிக்கு மரவேலை பார்க்கும் ஆசாரி ஒருவர் அந்த ஊரில் இருந்தார். அவரிடம் சொல்லி, தரையில் வைக்கும் மூலை இருக்கை ஒன்று செய்தோம். இரண்டு பலகைகள் மூலையாகச் சேருவதால் தோள்கள் தானாக முன்னுக்கு வரும். கை முன்னால் வரும். இருக்கையின் முன்விளிம்பை இரண்டு விரற்கடை உயர்த்தி, தொடைகளுக்கு நடுவே ஒரு கட்டை வைத்தோம். இடுப்பு நன்றாக மடிந்தால் அந்த வில் வளைவு உடைந்துவிடும். முதல் தடவை உயரம் தவறிப்போய், ஆசாரி இரண்டு முறை இழைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். மரத்துக்கு மட்டும் 900 ரூபாய்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முதலில் 50 நிமிடத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. ஐந்து வேளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். மூன்று மாதத்தில் வேளைக்கு 25, 30 நிமிடமாகக் குறைந்தது. அடுத்த ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஒரே முறை. 2024 ஜூனில் எடை 12.4 கிலோ.

உதவித்தொகைக் கேள்வி

அவனுக்குப் புரிகிறது என்று புதிய குறிப்பில் எழுதப் போகிறேன் என்றதும் தந்தை முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். “ஏனுங்க டீச்சர், அப்படி எழுதினால் மாசப் பணம் நின்றுபோகுமுங்களா?”

நியாயமான கேள்வி. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்த அந்தப் பராமரிப்பு உதவித்தொகையில்தான் வலிப்பு மாத்திரை வாங்குகிறார்கள். சான்றிதழ் அறிவுசார் குறைபாட்டின் பெயரில் இருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதே தொகை உண்டு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதத்துக்குத் தனி இடம் உண்டு, உடல் பாதிப்பின் அளவே போதும் என்று விளக்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவரோடு நானும் போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே எழுதினேன். பிள்ளையின் திறமையைச் சொன்னால் வருமானம் போய்விடுமோ என்ற பயத்தில் எத்தனை பெற்றோர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அன்று யோசித்தேன். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் அப்போதே விண்ணப்பித்தோம். டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்கு ஒருவருக்கும் டிக்கெட் தேவையில்லை என்பது தந்தைக்கு அதுவரை தெரியாது. பெண்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்.

கண்ணாடிப் பலகை

ஆம், இல்லை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, நாம் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லும் நிலை போதாது. ஒளி ஊடுருவும் பரீட்சை அட்டை ஒன்றை வாங்கி, நான்கு மூலைகளிலும் படங்களை ஒட்டினோம். அட்டைக்கு ஒரு பக்கம் அவன், மறுபக்கம் நாம். அவன் பார்வை எந்த மூலைக்குப் போகிறது என்பதை அட்டை வழியாகவே பார்த்துவிடலாம். படங்களைப் பெரியவள் வரைந்தாள். தோழிகளை வீட்டுக்கு அழைத்துவராத பெண் அவள். காரணம் யாரும் கேட்டதில்லை. அவள் வரைந்த முதல் நான்கு: சாப்பாடு, தூக்கம், வெளியே போகலாம், தறி. நான்காவதை நான் சொல்லவில்லை. “அவனுக்கு அங்கே போகப் பிடிக்கும்” என்றாள்.

அம்மாயி அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சிவன்மலை மாதிரி இருக்கிறது” என்றார். காங்கேயம் பக்கத்துச் சிவன்மலைக் கோயிலில், முருகன் பக்தர் ஒருவரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்ல, சாமி முன் பூப் போட்டுக் கேட்டு உறுதிசெய்த பிறகு அதை உத்தரவுப் பெட்டியில் கண்ணாடிக்குள் வைப்பார்கள். மண், நெல், தண்ணீர் என்று எது வைக்கப்படுகிறதோ அதைப் பார்த்து வரப்போவதை ஊரே ஊகிக்கும். “ஆண்டவனே வாய் திறந்து பேசுவதில்லை அம்மிணி. பொருளைக் காட்டுகிறான், நாம்தான் புரிந்துகொள்கிறோம். இவனும் அப்படித்தான்.” கண்ணால் சுட்டுவதைப் பற்றி நான் பல பயிற்சி வகுப்புகளில் பேசியிருக்கிறேன். அன்றிலிருந்து இந்தப் பக்கத்து வீடுகளில் இப்படியே சொல்லிக்கொடுக்கிறேன், உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

2024 ஜூனில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்தோம். கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகள் வீட்டிலேயே கற்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழி விட்டிருக்கிறது; அது வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமாக மாறிவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வாரம் இரண்டு நாள், மதியம்வரை, அம்மாயியோடு போகிறான். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புக்கான பட அட்டைகள் அப்படியே எங்கள் பலகைக்குப் பொருந்தின. பள்ளியில் தரும் காலை உணவில் பொங்கல் வரும் நாளில் கடைந்து கொடுக்கலாம். ரவை உப்புமா உதிர்ந்து தொண்டையில் ஒட்டும் என்பதால் அன்று வீட்டிலிருந்து கூழ். வகுப்பாசிரியர் கேள்வி கேட்டதும் மற்ற பிள்ளைகள் ‘சின்னவனுக்குப் பத்து எண்ணணும் டீச்சர்’ என்று சத்தமாக எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் அவன் முறுக்கிக்கொள்கிறான். மனத்துக்குள் எண்ணச் சொல்லிப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

சரியாகாதவை

இடது இடுப்பு மூட்டு கிண்ணத்திலிருந்து விலகத் தொடங்கியிருப்பது 2024 எக்ஸ்ரேயில் தெரிந்தது. நிற்காத, நடக்காத பிள்ளைகளுக்கு இது வரும் என்று தெரிந்தும் முதல் இரண்டு வருடம் நாங்கள் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தாய் இன்னும் அதே ஷிஃப்டில்தான் இருக்கிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய பெற்றோர் கூட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை.

என் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘பகல் 11 மணிக்குக் குழந்தை யாரிடம் இருக்கும்?’ பாதிக்கு மேற்பட்ட வீடுகளில், கையெழுத்துப் போடுபவரின் பெயர் அங்கே வரவில்லை. பாட்டி, அத்தை, ஒரு வீட்டில் பதின்மூன்று வயது அண்ணன்.

அம்மாயிக்கு முழங்கால் மோசமாகிவிட்டது. மருத்துவர் சுமை தூக்கக் கூடாது என்றுவிட்டார். பகல் சாப்பாட்டை யார் ஊட்டுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, பெரியவள் பலகையில் நான்கு பேரின் போட்டோவை ஒட்டி அவனிடமே கேட்டாள். அவன் அப்பாவைப் பார்த்தான். இன்னொரு முறை, மூலைகளை மாற்றி ஒட்டிக் கேட்டாள். மறுபடியும் அப்பாவைத்தான் பார்த்தான். தந்தை ஒன்றும் சொல்லவில்லை, கொட்டகைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் பகல் 12 மணிக்கு ஆறு தறிகளையும் நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மூலை இருக்கைக்கு எதிரே உட்கார்ந்தார். அம்மாயி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கரண்டியை இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைய என் குறிப்பு: ஊட்டியவர், தந்தை. 48 நிமிடம். புரை இரண்டு முறை. கரண்டியைச் சீக்கிரம் வெளியே எடுத்துவிடுகிறார். உதடு மூடும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வெள்ளி மறுபடி பார்க்க வேண்டும்.